அரிசி நிறைஞ்சிருக்கு

என் மகன் பட்டாளத்தில் சேர்ந்தபோது அவன் கையில் துப்பாக்கி கொடுக்கவில்லை, கரண்டி கொடுத்தார்கள். லாங்கிரி என்று பட்டாளத்தில் சமையல்காரனுக்குப் பெயர். பெரம்பூரில் ரயில் பட்டறையில் வேலை பார்க்கும் என் கணவருக்கு இதை வெளியே சொல்ல வெட்கம். யாராவது கேட்டால் "சப்ளையில் இருக்கான்" என்று முடித்துக்கொள்வார். எனக்கோ உள்ளுக்குள் நிம்மதி. அடுப்புக்கு முன்னால் நிற்பவனை யார் சுடப்போகிறார்கள் என்று நினைத்தேன். இதை எழுதும் இன்று அவன் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிறான். ஆனால் அந்த நிம்மதி அவன் கப்பல் ஏறும்வரைகூட நீடிக்கவில்லை. இங்கேயே, கொசஸ்தலை ஆற்றங்கரையிலேயே போய்விட்டது.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையில் எங்கள் ஊர். சாலையை ஒட்டிய பெண்கள் பள்ளியில் நான் டீச்சர். யுத்தம் வந்ததும் ஆவடிப் பக்கத்து வயல்களை எடுத்துக்கொண்டு பட்டாளத்துக் கிடங்குகள் கட்டினார்கள். லாரி போகும் சத்தத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது காதில் விழாது. மகன் அந்தக் கிடங்குகளுக்குப் பக்கத்து முகாமில்தான் இருந்தான். சாலை போடுகிற பட்டாளக் கம்பெனி ஒன்றுக்குச் சமைத்துப் போட்டான். லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவான். நான் பரிமாற, அவன் அங்கே என்ன போடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவான்.

கேட்கக் கேட்க எனக்குச் சோறு இறங்காது. அரிசி மூட்டையைப் பிரித்தால் பழைய சணல் வாடை அடிக்குமாம். எத்தனை முறை களைந்தாலும் தண்ணீர் மஞ்சளாகவே ஓடுமாம். உருளைக்கிழங்கைச் சீவி, காயவைத்து, டின்னில் அடைத்து அனுப்புகிறார்கள். தச்சன் இழைத்துத் தள்ளிய சுருள் மாதிரி இருக்கும், ஊறவைக்காமல் போட்டால் வாயைக் குத்தும். உலர்ந்த ஆட்டுக்கறிக்குப் பையன்கள் செருப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வரிசையில் தட்டோடு நின்றுகொண்டு, "இன்னிக்கு எந்தக் காலு அண்ணாத்தே, சோத்தாங்காலா பீச்சாங்காலா?" என்று கேட்பார்களாம். ஒவ்வொரு வேளையும் ஒரு துரை வந்து ஒரு கரண்டி எடுத்து ருசி பார்ப்பார். பிறகு வரிசையைப் பார்த்து ஏதாவது குறை உண்டா என்பார். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். திறந்தவன் மறுநாள் வெங்காயம் உரிக்கப் போகவேண்டும்.

பருப்புதான் அவனை அழவைத்தது. அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு. எவ்வளவு விறகு எரித்தாலும் பருப்பு தனி, தண்ணீர் தனி என்று நின்றது. நான் ஒரு சின்ன புட்டியில் விளக்கெண்ணெய் ஊற்றிக் கொடுத்து, மஞ்சள் தூளோடு நாலு சொட்டு விடு என்றேன். அடுத்த வாரம் வந்தவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "பருப்பு மலந்துச்சும்மா" என்றான். அன்றைக்கு அந்தக் கம்பெனியில் ஒருவன் தட்டை வழித்துவிட்டு, உங்கம்மா வந்து ஆக்கிட்டுப் போச்சா என்று கேட்டானாம்.

அவனுக்குச் சமையல் நான் சொல்லிக்கொடுத்துத்தான் வந்தது. எனக்குப் பெண் இல்லை. பள்ளி விட்டு நான் வர நேரமாகும். அதனால் சின்ன வயதிலேயே உலை வைப்பதும் வடிப்பதும் அவன் வேலையாயிற்று. வேலையோடு வேலையாக அடுப்படிப் பேச்சும் அவனுக்கு ஒட்டிக்கொண்டது.

எங்கள் வீட்டில் அரிசி இல்லை என்று சொல்லமாட்டோம். பானையின் அடியைப் படி சுரண்டும் சத்தம் கேட்டாலும், "அரிசி நிறைஞ்சிருக்கு" என்றுதான் சொல்வோம். விளக்கை அணை என்று சொல்வதில்லை, நிறைவு பண்ணு என்போம். நான் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் படித்தவள். பூனை குறுக்கே போனால் நின்றதில்லை, ராகு காலம் பார்த்ததில்லை. ஆனாலும் அரிசிப் பானைக்கு முன்னால் இல்லை என்ற சொல் எனக்கு வாயில் வராது. அவனுக்கும் வராது. சின்னப் பையனாக இருந்தபோது பள்ளி வாசலுக்கு ஓடி வந்து, மற்ற டீச்சர்கள் முன்னால், "அம்மா, அரிசி நிறைஞ்சிருக்கு" என்பான். வீடு ரொம்பச் செழிப்பு போலிருக்கிறது என்று அவர்கள் சிரிப்பார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் நான் அரிசிக்கடையில் நிற்கவேண்டும் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அந்த ஐப்பசியில் அவனுடைய கம்பெனியை வெளிப்பயிற்சிக்கு அனுப்பினார்கள். திருநின்றவூர் தாண்டி, கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தப் பக்கம், பொட்டல் வெளியில் கூடாரம். யுத்த களத்தில் எப்படி இருக்கவேண்டுமோ அப்படி இருந்து பழகவேண்டும் என்று உத்தரவு. சமையலும் அப்படியே. தரையில் குழி வெட்டி அடுப்பு, ஈர விறகு, மேலே கூரை கிடையாது. தினமும் ஆவடிக் கிடங்கிலிருந்து ஒரு லாரி ஆற்றில் ஆழமில்லாத துறையாகப் பார்த்து இறங்கிக் கடந்து, அன்றாடச் சாமான்களை இறக்கிவிட்டு வரும்.

அந்த லாரியை ஓட்டியவர் பூந்தமல்லிக்காரர். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது எங்கள் பள்ளி வாசலில் ஒரு கால் ஊன்றி நின்று, மகனைப் பார்த்த செய்தி சொல்லிவிட்டுப் போவார். இன்று இளைத்திருக்கிறான், இன்று சிரித்தான், இன்று கையில் சுட்டுக்கொண்டான், பெரிய காயம் இல்லை. அவர் மணிச் சத்தம் கேட்கும்வரை எனக்குப் பாடத்தில் மனம் ஒட்டாது.

மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. எங்கள் ஊர் ஏரி தளும்பி, கலங்கல் வழியாகச் சாலையில் ஓடியது. பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை. மத்தியானம் பள்ளியை விட்டுவிட்டு நான் வாசலில் நின்றிருந்தபோது பாய் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தார். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் முகத்தில் சந்தோஷம்.

"டீச்சரம்மா, உங்க புள்ள நல்லா கீறாரு. ஒண்ணும் கவலப்படாதீங்க. அரிசி நெறைஞ்சி கீதாம்."

அவர் சொல்லிக்கொண்டே போனார். காலையில் ஆற்றில் தண்ணீர் லாரியின் படிக்கட்டுவரை ஏறிவிட்டதாம். நாளைக்குத் துறையில் இறங்க முடியாது, இனி வெள்ளம் வடிந்தால்தான் வண்டி போகும். எப்போதும் முகாமில் என்ன குறைகிறது என்று சீட்டு எழுதித் தருவார்கள். இன்று சீட்டு மழையில் நனைந்து மை கரைந்துவிட்டது. கிடங்கு ஹவில்தார் வாய்மொழியாகவே கேட்டுக்கொண்டார். அரிசி நிறைந்திருக்கிறது என்று பாய் சொன்னார். அப்படியானால் நல்லதாகப் போயிற்று என்று, அந்தக் கம்பெனிக்கு வைத்திருந்த அரிசியை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார் ஹவில்தார்.

என் கையிலிருந்த குடை தானாக மடங்கியது. மழை என்மேல் விழுந்தது.

அவன் எந்தச் சொல்லைச் சொன்னான் என்று கேட்டேன். நிறைய இருக்கு என்றானா, போதும் என்றானா, நிறைஞ்சிருக்கு என்றானா? பாய் என்னை விநோதமாகப் பார்த்தார். எல்லாம் ஒன்றுதானே என்றார். நான் மறுபடி கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, நிறைஞ்சிருக்கு, போய்ச் சொல்லுங்க பாய், மறந்துடாதீங்க என்று இரண்டு தடவை சொன்னதாகச் சொன்னார். நிறைய இருப்பதை யாராவது மறக்காமல் போய்ச் சொல்லச் சொல்வார்களா? அவன் தலையில் என்ன போட்டுக்கொண்டிருந்தான் என்று கேட்டேன். கோணிப்பையை முக்காடு மாதிரி மடித்துப் போட்டிருந்தானாம். அவன் மட்டுமல்ல, விறகு பிளந்தவன், தண்ணீர் சுமந்தவன், எல்லார் தலையிலும் கோணி. இத்தனை பேர் தலையில் கோணி என்றால், அந்தக் கோணிகளில் இருந்த அரிசி எங்கே?

"பாய், அரிசி இல்லன்னு சொல்லியிருக்கான்."

"இன்னா டீச்சரம்மா, நெறைஞ்சி கீதுன்னு என் காதால கேட்டேன்."

விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார். தங்கள் வீட்டில் அப்படியெல்லாம் சொல்வதில்லை, இல்லை என்றால் இல்லை என்றுதான் சொல்வோம் என்றார். ஆனால் அவர் முகத்திலிருந்த சந்தோஷம் போய்விட்டது. ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தவர் அல்லவா. சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, குனிந்து, கேரியரைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். மழையில் அதைத் துடைத்து ஆகப்போவது என்ன?

"ஏறுங்க," என்றார்.

நடுவயது டீச்சர் ஒருத்தி அந்நிய ஆணின் சைக்கிளில், குடையைப் பிடித்துக்கொண்டு, ஊர் நடுவே போவதை அன்று பார்க்காதவர்கள் இல்லை. என்னிடம் படிக்கும் பெண் ஒருத்தி, டீச்சர் என்று கூப்பிட வாயெடுத்து அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு வெட்கப்பட நேரம் இல்லை. வழியெல்லாம் எனக்குள் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. நான் நினைப்பது தப்பாக இருந்தால்? பட்டாளத்துக்குப் போய் அவன் பேச்சு மாறியிருந்தால்? உண்மையிலேயே மூட்டைகள் அடுக்கியிருந்து, அவன் இருக்கிறதைத்தான் சொல்லியிருந்தால்? லாங்கிரியின் அம்மா கிடங்குக்கு வந்து பைத்தியம் மாதிரி பேசினாள் என்று அவன் காலம் முழுக்கக் கேலி கேட்கவேண்டும்.

கிடங்கு வாசலில் பாய்க்காக உள்ளே விட்டார்கள். ஹவில்தார் நான் சொன்னதை முழுவதும் கேட்கவில்லை. மாற்றின அரிசி மாற்றினதுதான், வேண்டுமானால் துரையிடம் சொல் என்று கையைக் காட்டினார். ஓலைத்தடுப்புக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரர் மேஜையில் குனிந்திருந்தார். இளவயது. என் மகனைவிட சில வயது மூத்தவராக இருக்கலாம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். என் மகன் அரிசி நிறைந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறான், அதற்கு அர்த்தம் அரிசி தீர்ந்துவிட்டது என்பது.

சொல்லி முடிக்கும்போதே அது எவ்வளவு அபத்தமாகத் தொனிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். இந்த மாதிரி வேறு என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று கேட்டார். ஒன்றைச் சொல்லி அதற்கு எதிரானதைப் புரிந்துகொள்வது யுத்த காலத்தில் எதற்குப் பயன்படும் என்று எனக்குத் தெரியுமா என்றார். யார் சொல்லிக்கொடுத்தது, எத்தனை பேருக்கு இது தெரியும் என்றார். நான் சமையலறை வழக்கத்தைச் சொல்ல வந்தேன். அவர் அதை ரகசியச் சங்கேதமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அவர் இன்னும் பயங்கரமான ஒன்றைச் சொன்னார். "நிறைய இருக்கிறது என்று காலையில் சொன்ன அரிசி சாயங்காலம் இல்லை என்றால், அது எங்கே போயிற்று என்று நான் சமையல்காரனைத்தான் கேட்கவேண்டியிருக்கும்." அரிசிக்காக ஊரெல்லாம் வரிசையில் நின்ற காலம் அது. பட்டாளத்து அரிசியை விற்றான் என்று ஒருவன்மேல் பழி விழுந்தால் அவன் கதி என்ன என்பது எல்லாருக்கும் தெரியும்.

என் பேச்சைச் சோதிக்க அவர் கிடங்கில் மூட்டை தூக்கும் ஒருவரைக் கூப்பிட்டார். நல்ல உடற்கட்டு, தமிழர், பாடிப் பக்கத்து ஊர்க்காரர். அரிசி நிறைஞ்சிருக்கு என்றால் என்ன என்று துரை தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டார். அவர் விறைப்பாக நின்று, அரிசி நிறைய இருக்கிறது சார் என்றார். துரை என்னைப் பார்த்தார். கிடங்கு நடுவில் நிற்கிற ஆளிடம் கேட்டால் அப்படித்தான் சொல்வார். சுற்றிலும் கூரைவரை மூட்டை.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"நைனா, உங்க ஊட்ல சாயங்காலம் அம்மா ஒலை வெக்கப் போறாங்க. பானையில கைவிட்டா ஒரு மணி அரிசி கெடையாது. ஒங்கள கூப்ட்டு இன்னா சொல்வாங்க?"

அவர் கண்ணை என்மேலிருந்து எடுத்து, துரையைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தார்.

"நெறைஞ்சி போச்சிடான்னு சொல்லும்," என்றார் மெதுவாக. "ஐயய்யோ, ஆமாம்மா. அப்டித்தான் சொல்லும்."

அவர் முகம் மாறியதைத் துரை பார்த்தார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பிறகு அவர் என்னைக் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது.

"அம்மா, உங்கள் மகன் இதைச் சமையல்காரனாகச் சொன்னானா, மகனாகச் சொன்னானா?"

"அவன் அடுப்புக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறான்," என்றேன்.

அவர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு லாரி நின்ற இடத்துக்கு வந்தார். இருட்டுவதற்குள் ஆற்றுக்குப் போய்ச் சேரமுடியுமா என்று பாயைக் கேட்டார். பார்க்கலாம் சார் என்றார் பாய். அரிசி மூட்டைகளை ஏற்றினார்கள். ஏற்கெனவே ஏற்றியிருந்த மண்ணெண்ணெய் டின்களை இறக்கவும் நேரமில்லை. நானும் வருகிறேன் என்றதற்குத் துரை முடியாது என்றார். லாரி சேற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே போனபோது பாய் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் அசைத்தார். அந்தக் கையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் ஊகம் தப்பென்றால், ஒரு மனிதரை வெள்ளத்துக்குள் வீணாக அனுப்பியிருக்கிறேன்.

வேலை முடிந்து வந்த கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சரி, சாப்பிடு என்றார். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் பாய் வரவில்லை. திருநின்றவூருக்கு அந்தப் பக்கம் ஏரி உடைந்து சாலையை அடித்துக்கொண்டு போய்விட்டதாக ரயிலில் வந்தவர்கள் சொன்னார்கள். கிடங்கில் கேட்டால் லாரியைப் பற்றித் தகவல் இல்லை என்றார்கள். நான் பள்ளிக்கு வந்து உட்கார்ந்தேன். வந்திருந்த நாலைந்து பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் எழுதினார்கள். ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

பள்ளி விடும் நேரத்தில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு அம்மாள் இறங்கி நேராக என்னிடம் வந்தார். பாயின் மனைவி. கிடங்கில் விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

"நீங்கதான டீச்சரம்மா? எங்க ஊட்டுக்காரர எங்க அனுப்பினீங்க?"

குரலில் கோபம் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. உள்ளே உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். மகன் சொன்ன சொல்லைச் சொன்னேன். உங்கள் வீட்டில் இந்த வழக்கம் இல்லையாமே, அதனால் அவருக்குப் புரியவில்லை, அவர்மேல் தப்பில்லை என்றேன். அந்த அம்மாள் துப்பட்டியை விலக்கி என்னைப் பார்த்தார்.

"யாரு சொன்னது, எங்க ஊட்ல இல்லன்னு? உங்களுக்கு நெறைவு, எங்களுக்கு பரக்கத்து; பரக்கத்தா கீதுன்னு சொல்வோம். அரிசி தீந்தா பரக்கத்து, எண்ண தீந்தா பரக்கத்து. கல்யாணம் ஆன நாளா சொல்லிகினுதான் கீறேன்." சட்டென்று அவர் குரல் உடைந்தது. "அந்த ஆளு எப்பனா அடுப்பாண்ட வந்திருந்தாத்தான தெரியும்? நான் பரக்கத்துன்னு சொன்னா, எம் பெரிய பொண்ணு போயி அரிசி வாங்கியாரும். இவுரு பாட்டுக்கு சாப்ட்டு எழுந்துப்பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. அவரும் அப்படியே. நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சின்ன வகுப்பறையில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருட்டும்போது அவர் போனார். மறுநாளும் வந்தார். பூந்தமல்லியில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க முடியவில்லை, ஆவடியிலிருந்து வந்தால் இந்த வழியாகத்தானே வரவேண்டும் என்றார். மழை விட்டிருந்தது. அவர் விரல்களில் எதையோ எண்ணி ஓதிக்கொண்டிருந்தார். நான் சிலேட்டுகளைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பத் துடைத்தேன்.

சைக்கிள் மணி கேட்டது.

பாய் எங்களைப் பார்த்து ஒரு கால் ஊன்றி நின்றார். உடம்பெல்லாம் காய்ந்த சேறு. "இன்னா, ரெண்டு பேரும் பரிச்ச எழுதறீங்களா?" என்றார். அந்த அம்மாள் எழுந்துபோய், அவர் சட்டையில் ஒட்டியிருந்த சேற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திட்ட ஆரம்பித்தார். அவர் திட்டி ஓயும்வரை நான் காத்திருந்தேன். என் மகனைப் பற்றிக் நான் கேட்பதற்குள் பாயே சொன்னார்.

"நெறைஞ்சிதாம்மா கீது. ஒரு மணி இல்ல."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இருட்டுகிற நேரத்துக்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். துறை இருந்த இடத்தில் ஆறு மார்பளவு ஓடுகிறது. அக்கரையில் ஆட்கள் கும்பலாக நிற்கிறார்கள், நடுவில் என் மகன். மத்தியானம் அவர்களுக்குக் கிடைத்தது பருப்புத் தண்ணீரும், அதில் ஊறவைத்த கல் மாதிரியான அவசரத்துக்கு வைத்திருந்த பிஸ்கெட்டும்தான். அரிசிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், வண்டி வந்துகொண்டே இருக்கிறது என்று இவன் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். வண்டி வரவில்லை. லாங்கிரி அரிசியை விற்றுவிட்டான் என்று எவனோ சொல்ல, ஒருவன் இவன் சட்டையைப் பிடித்திருக்கிறான். பாய் லாரி விளக்கைப் போட்டு மூட்டையைக் காட்டியபோது என் மகன் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டானாம்.

கயிறு கட்டினார்கள். மூட்டையைத் தோளில் வைத்துக் கடந்தால் நனையும். சோறு வடிக்கிற அண்டாவைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டு, அதற்குள் அரிசியைக் கொட்டி இழுத்தார்கள். போகவும் வரவும் அண்டா. ஒருமுறை அது கவிழ்ந்து அரிசி ஆற்றோடு போயிற்று. மிச்சம் சேர்ந்தது. லாரி சேற்றில் சிக்கிக்கொண்டதால் பாய் இக்கரையிலேயே தங்கவேண்டியதாயிற்று.

"ஒரே கெரசின் நாத்தம்மா," என்றார் பாய், வண்டியில் மண்ணெண்ணெயும் அரிசியும் ஒன்றாக வந்ததைச் சொல்லி. அக்கரையிலிருந்து அவருக்கும் அண்டாவில் ஒரு தட்டு சோறு அனுப்பினார்களாம். ஈர விறகுப் புகையும் மண்ணெண்ணெய் வாடையும் சேர்ந்து, வெந்தும் வேகாத சோறு. கயிற்றைப் பிடித்துக் கடந்து வந்த ஆட்கள் அவரிடம் சொன்னபடி, அங்கிருந்த துரை வழக்கம்போல ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தார். குறை உண்டா என்று கேட்டார். வரிசையில் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் மகனின் சட்டையைப் பிடித்த அந்த ஆள்தான் தட்டை நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் கீதா அண்ணாத்தே?"

வெள்ளம் வடிந்து கம்பெனி முகாமுக்குத் திரும்பியதும் ஒரு உத்தரவு போட்டார்கள். சமையல் ஆட்கள் சாமான் விஷயத்தில் சொந்த பாஷையில் பேசக்கூடாது. ஒரு பொருள் தீர்ந்துவிட்டால் இங்கிலீஷில் 'நில்' என்று சொல்லவேண்டும். அதற்கு 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம். தினமும் வரிசையில் நிற்கவைத்துச் சொல்ல வைத்தார்களாம். ரைஸ் நில் சார், தால் நில் சார்.

கப்பலுக்குப் புறப்படுவதற்கு முன் கடைசி முறையாக வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். சட்டையில் பிய்ந்த பொத்தானுக்குப் பதிலாக வேறு நிறத்தில் ஒன்று தைத்திருந்தது. நான் குளத்திலிருந்து வருவதற்குள் உலை வைக்க அடுப்படிக்குப் போய்விட்டான். பானைக்குள் படி சுரண்டும் சத்தம் கேட்டது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிடக்கூடாது என்று இருந்தது. வராமல் போய்விடக்கூடாது என்றும் இருந்தது.

"அம்மா," என்று கூப்பிட்டான். "அரிசி நில்."

அவன் சொன்னது இங்கிலீஷ். என் காதில் விழுந்தது தமிழ். அரிசியே, போகாமல் நில். நாங்கள் இத்தனை காலம் வைத்திருந்த சொல்லைவிட இது நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுதிருப்பேன். பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

ஆவடி ஸ்டேஷனில் ரயில் முழுக்கப் பட்டாளம். என் கணவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நான் ஜன்னல் ஓரமாக விளக்கெண்ணெய்ப் புட்டியைக் கொடுத்தேன். அங்கே சாப்பாடு எப்படி இருக்குமோ, தண்ணீர் எப்படி இருக்குமோ என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ரயில் அசைந்தது. அவன் என்னைச் சிரிக்க வைக்க நினைத்திருக்கவேண்டும். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னான்.

"எல்லாம் நெறைஞ்சிருக்கும்மா."

பக்கத்தில் இருந்த பையன்களெல்லாம் சிரித்தார்கள். அந்தக் கதை அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த முறை அவன் எதைச் சொல்கிறான் என்று எனக்கே தெரியவில்லை. போய்ச் சேரப்போகிற இடத்தில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று அவனுக்கும் தெரியாது. ரயிலோடு சேர்ந்து பிளாட்பாரம் முடியும்வரை நடந்தேன்.

நில் என்று சொன்னேன். எந்த மொழியில் சொன்னேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.